தகரக் கூரை வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாமா?

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் தரம் ஆறு படிக்கிறாள், லவ் பேர்ட்ஸ் வேண்டுமென்று மாதக்கணக்கில் பிடிவாதம். வீடு கல்வீடு, கூரை தகரம். வவுனியாவில் ஒரு கடைக்காரர், "தனியே ஒன்று எடுத்தால் ஏங்கிச் செத்துவிடும், சோடியாகத்தான் எடுக்க வேண்டும்" என்றாராம். எந்த நிறம் நல்லது, தினை மட்டும் போட்டால் போதுமா, வருத்தம் வந்தால் என்ன மருந்து, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். கேள்விகள் பல, உள்ளே இருப்பது இரண்டு: எங்கள் வெக்கையில் இது தப்புமா, மகளின் கையில் வந்து இருக்குமா. நிறத்துக்கும் இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை மகளிடமே விட்டுவிடுங்கள்.

நான் மிருக வைத்தியர் இல்லை. கால்நடைப் போதனாசிரியராக வன்னியில் மாடு, ஆடு, கோழியோடு வேலை செய்தவன். வீட்டில் நெடுங்காலமாகக் குருவி வளர்த்துக் குஞ்சும் எடுத்திருக்கிறேன். கூடு, தீன், தெரிவு பற்றித் துணிந்து சொல்வேன். மருந்தின் அளவு மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலில், கடையில் பார்த்தது எந்தக் குருவி என்று சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பது அநேகமாக பஜ்ஜி, அதாவது பட்ஜெரிகர். மெலிந்த உடம்பு, நீண்ட வால், முதுகில் அலை அலையாகக் கோடு, மூக்குக்கு மேலே மெழுகு ஒட்டினது போல ஒரு திட்டு. அது ஆஸ்திரேலியக் குருவி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவினுடையது, கடையில் "ஆப்பிரிக்கன்" என்று கேட்டால்தான் காட்டுவார்கள். கட்டையான உடம்பு, குட்டை வால், கிளியினது போலத் தடித்த சொண்டு. அதில் ஒன்பது இனம் இருந்தாலும் கடைக்கு வருவது பெரும்பாலும் மூன்றுதான்: முகம் இளஞ்சிவப்பான பீச் பேஸ், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள பிஷர், தலை கறுத்த மாஸ்க். விலையிலும் இரண்டு சாதிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

பஜ்ஜி 30 முதல் 40 கிராம், சராசரியாக ஐந்தாறு வருடம், கவனமாகப் பார்த்தால் இன்னும் கொஞ்சம். ஆப்பிரிக்கன் 45 முதல் 60 கிராம், பத்து முதல் பதினைந்து வருடம் இருக்கும். இன்றைக்கு வாங்கினால் உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகிற காலத்திலும் அது கூட்டில் இருந்து கத்தும், பார்க்கப்போவது அம்மாவாகத்தான் இருக்கும். கத்தும் என்று சும்மா சொல்லவில்லை. பஜ்ஜியின் சத்தம் முணுமுணுப்பு, ஆப்பிரிக்கனின் சத்தம் காதுக்குள் குத்தும். கடித்தால் இரத்தமும் வரும். ஆனால் பழகிவிட்டால் சட்டைக் கழுத்துக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும், கூப்பிட்டால் பறந்து வரும். முதன்முதல் குருவி வளர்க்கிற சின்னப் பிள்ளைக்கு எது என்று கேட்டால், நான் ஒரு சோடி பஜ்ஜிக் குஞ்சைத்தான் சொல்வேன். ஆப்பிரிக்கன்தான் வேண்டும் என்று மகள் நின்றால் அதுவும் முடியாத காரியமில்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும், ஆப்பிரிக்கனை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தனியே இருந்தால் செத்துவிடும் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. கூட்டமாக வாழ்கிற சாதி, தனிமை அதற்குப் பிடிக்காது என்பது உண்மை. நாள் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் தனிக் குருவி சோர்ந்து போகும், சில நேரம் தன் இறகைத் தானே பிடுங்கும். வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்து, ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலமாவது அதோடு மினக்கெட முடிந்தால் தனிக் குருவி நன்றாக இருக்கும், கைக்கும் வேகமாக வரும். பள்ளிக்கூடம், ரியூசன் என்று மகள் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வீடு வருகிறாள் என்றால் சோடியே நல்லது. சோடி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், உங்களை அவ்வளவாகத் தேடாது. இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு விடயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: பஜ்ஜியையும் ஆப்பிரிக்கனையும் ஒரே கூட்டில் விடாதீர்கள். பஜ்ஜியின் கால்விரலை ஆப்பிரிக்கன் கடித்துத் துண்டாக்கிவிடும்.

கடைக்குப் போனதும் கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். ஆள் வந்தால் வருத்தக் குருவியும் இறகை ஒடுக்கி நிமிர்ந்து நிற்கும். பறவைகள் நோயை மறைக்கிற சாதி, காட்டில் சோர்ந்தது தெரிந்தால் பருந்து தூக்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று, கடைக்காரரோடு வேறு ஏதாவது கதைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். இறகைச் சிலிர்த்துப் பந்து மாதிரிக் குந்தியிருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, கூட்டின் அடியில் போய் இருப்பது இவை மூன்றும் வேண்டாம். அந்தக் கூட்டில் ஒன்று அப்படி இருந்தால் பக்கத்தில் நிற்கிற நல்லதையும் எடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். எல்லாம் துடிப்பாக இருந்தால் பிடித்தவற்றைக் கையில் தரச் சொல்லுங்கள். நெஞ்சு எலும்பை விரலால் தடவினால் இரண்டு பக்கமும் தசை உருண்டு இருக்க வேண்டும், எலும்பு கத்தி விளிம்பு போலத் தட்டுப்பட்டால் அது மெலிந்த குருவி. மலவாயைச் சுற்றி இறகில் எச்சம் ஒட்டியிருக்கக்கூடாது. மூக்குத் துவாரம் காய்ந்து இருக்க வேண்டும். பீச் பேஸ் குஞ்சுக்குச் சொண்டின் அடியில் கறுப்பு இருக்கும், முகத்துச் சிவப்பும் மங்கலாகத்தான் இருக்கும். கைக்குப் பழக வேண்டுமென்றால் அந்தக் கறுப்பு மாறாததைக் கேளுங்கள். "இது நல்லாப் பழகினது" என்று சொல்லித் தருகிற பெரிய குருவி பலமுறை மயக்கத்தில் இருக்கிற வருத்தக் குருவிதான்.

ஆணா பெட்டையா என்று பார்த்து வாங்க வேண்டும் என்று மினக்கெடாதீர்கள். பஜ்ஜியில் பார்க்கலாம், வளர்ந்த ஆணுக்கு மூக்குத் திட்டு நீலம், பெட்டைக்கு மண்ணிறம். முழு மஞ்சளிலும் வெள்ளையிலும் இது சறுக்கும். ஆப்பிரிக்கனில் இந்த மூன்று இனத்திலும் ஆணும் பெட்டையும் கண்ணுக்கு ஒன்றுதான், டிஎன்ஏ பரிசோதனைதான் முடிவு. அடிவயிற்று எலும்பைத் தொட்டுச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது பாதிக்குப் பாதிதான் சரி வரும் என்பது என் அனுபவம். வளர்ந்த பிறகு ஒரு அடையாளம் உண்டு. பச்சைத் தென்னோலை ஒன்றைக் கூட்டுக்குள் செருகிப் பாருங்கள். பீச் பேஸ் பெட்டை ஓலையின் ஓரத்தில் சொண்டால் தையல் போட்ட மாதிரிக் குத்திக்கொண்டே போய், ஒரே அகலத்தில் ஒரு நீட்டுக் கீற்றைக் கிழித்தெடுக்கும். பிறகு தலையைத் திருப்பி அந்தக் கீற்றைத் தன் முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும், அடுத்தது, அதற்கடுத்தது என்று நாலைந்தைச் சுமந்துகொண்டு திரியும். ஆணும் சிலது செய்து பார்க்கும், கீற்று விழுந்துவிடும். பிஷரும் மாஸ்க்கும் இப்படிச் செருகாது, சொண்டில் தூக்கிக்கொண்டு போகும்.

இப்போது வெக்கை. பீச் பேஸின் சொந்த இடம் நமீபியா, அங்கோலா போன்ற வறண்ட தென்மேற்கு ஆப்பிரிக்கா. தண்ணீர் கிட்ட இருந்தால் வெயிலைத் தாங்குகிற குருவி அது. ஆனாலும் நிழலும் காற்றும் வேண்டும். அமெரிக்காவின் பீனிக்ஸ் பக்கம், கூட்டிலிருந்து தப்பிய பீச் பேஸ்கள் ஊரோடு பெருகியிருக்கின்றன. அங்கே வெயில் ஏறின நாளில் அவை கட்டடங்களின் குளிர்காற்று வெளிவருகிற துவாரங்களில் போய் வரிசையாக இருக்குமாம். வெயிலைத் தாங்குகிறதும் வழி இருந்தால் குளிரைத் தேடித்தான் போகும். உங்கள் வீட்டில் ஆபத்து வெயிலைவிடத் தகரம்தான். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் தகரத்தின் கீழ் தலை உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள், பிறகு இடுப்பு உயரத்தில் நீட்டுங்கள், வித்தியாசம் விளங்கும். ஆகவே கூட்டைக் கூரைக்குக் கிட்டத் தூக்காதீர்கள். மா, வேம்பு நிழல் விழுகிற பக்கத்து விறாந்தையில், நெஞ்சு உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு வையுங்கள். அந்த இடத்தில் தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பினால் இன்னும் நல்லது. குருவி சொண்டைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் வெக்கை தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலுக்கு மாற்றி, கால்களில் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

சோளகம் அடிக்கிற மாதங்களில் புழுதி, மாரியில் வாடை. எங்கள் ஊரில் குளிர் கொல்லாது என்று நினைக்கிறவர்கள் 2022 மார்கழியை நினைத்துப் பாருங்கள். புயலோடு வந்த குளிர்காற்றில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனை மாடு விறைத்துச் செத்தது! 50 கிராம் குருவிக்கு நனைந்த இறகும் நேர் காற்றும் சேர்ந்தால் ஒரு இரவு போதும். மாரி தொடங்க முன்னரே மூன்று பக்கம் சாக்கோ தடித்த துணியோ கட்ட ஒழுங்கு செய்யுங்கள். கடும் மழை இரவில் வீட்டுக்குள் எடுங்கள்.

கூடு உயரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், குருவி பக்கவாட்டில்தான் பறக்கும். ஒரு சோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் என்பது ஆகக் குறைந்த அளவு. கடையில் தொங்குகிற வட்டக் கூடு வேண்டாம். கம்பி வலை அரை அங்குலக் கண். ஒரு அங்குல வலை மலிவு, ஆனால் அதற்குள்ளால் பாம்பு வரும், எலியும் வரும். பாம்பு உள்ளே வந்து குருவியை விழுங்கி, வயிறு பருத்ததால் திரும்பிப் போக முடியாமல் காலையில் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதை வன்னியில் குருவி வளர்க்கிற எல்லோரும் ஒரு தரமாவது கண்டிருப்பார்கள். புது நாகமுலாம் வலையை விநாகிரி போட்டுத் தூரிகையால் உரசிக் கழுவி வெயிலில் காயவைத்துப் பிறகு பாவியுங்கள். அந்த முலாம் துகளைக் கடித்துத் தின்றால் நஞ்சு, ஆப்பிரிக்கன் கடிக்காத கம்பி இல்லை. குந்துவதற்கு வழுவழுப்பான பிளாஸ்ரிக் தடியை எடுத்துவிட்டு வேப்பங்கொப்பு, கொய்யாக்கொப்பு வையுங்கள், வேறு வேறு பருமனில். இரவில் மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்து விடுங்கள். இருட்டில் பூனை தட்டினால் அவை கண்மண் தெரியாமல் பறந்து மோதிக்கொள்ளும், ஒரு சின்ன வெளிச்சம் இருந்தால் அது குறையும்.

புகை பற்றி யாரும் சொல்வதில்லை. பறவையின் நுரையீரல் எங்களுடையதைவிடப் பல மடங்கு எளிதில் நஞ்சை இழுக்கும். விறகடுப்புப் பக்கம், நுளம்புத்திரிக்குக் கிட்ட, சாம்பிராணி போடுகிற சாமியறை இவற்றில் கூடு வேண்டாம். நொன்ஸ்டிக் சட்டி அடுப்பில் வெறுமனே காய்ந்து புகைந்தால் அந்த வாயு சில நிமிடத்தில் குருவியைக் கொன்றுவிடும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

தீனுக்கு வருவோம். தினை மட்டும் போதாது. வெறும் தானியத்தில் உயிற்றமின் ஏ மிகக் குறைவு, கல்சியமும் போதாது. குருவி மாதக்கணக்கில் நன்றாகத்தான் தெரியும், பிறகு மூக்கு ஒழுகும், முட்டை அடைக்கும், ஒரு நாள் விழும். அடிப்படையாகத் தினை, சாமை, குரக்கன், கொஞ்சம் நெல் கலந்து கொடுங்கள். சூரியகாந்தி விதை விருப்பமாகத் தின்னும், கொழுப்புக் கூட, கையில் பழக்குவதற்கு லஞ்சமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கச்சானும் அப்படித்தான், பூஞ்சணம் பிடித்த கச்சானின் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும், ஆகவே நான் கொடுப்பதே இல்லை. காலையில் ஒவ்வொரு நாளும் பச்சை: முருங்கையிலை, பொன்னாங்காணி, கங்குன், துருவிய கரட், பூசணி. முளைகட்டிய பயறு மிக நல்லது, அன்றன்றைக்கு முளைத்ததாக இருக்க வேண்டும், பின்னேரத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வயல் வரம்பில் பிடுங்கின கீரை வேண்டாம், எந்த நெல்லுக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும். அவகாடோ, சொக்லேற், தேத்தண்ணீர், உப்புப் போட்ட சாப்பாடு ஒருபோதும் கூடாது. இன்னொன்று, தானியத்தை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் குருவி பட்டினியில் செத்த வீடுகள் உண்டு. தினமும் ஊதிப் பாருங்கள்.

கல்சியத்துக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிற யாரிடமும் சொன்னால் கரை ஒதுங்கின கணவாய் ஓடு கொண்டுவந்து தருவார்கள். உப்புப் போக இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள், மென்மையான பக்கம் குருவியைப் பார்த்திருக்கட்டும். மணல், கல் கொடுக்க வேண்டுமா என்பதில் வளர்ப்பவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உரித்துத் தின்கிற சாதிக்கு அது அவசியமில்லை என்ற பக்கம்தான் நான். குடிதண்ணீரைக் காலையும் மத்தியானமும் மாற்றுங்கள், தட்டையான ஒரு தட்டில் குளிக்கவும் தண்ணீர் வையுங்கள். வெக்கை நாளில் அது குளிக்கிற குளிப்பை மகளுக்குக் காட்டத்தான் வேண்டும்.

கொண்டுவந்த முதல் கிழமை தொடாமல் விடுங்கள். பிறகு மகள் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து படிக்கட்டும், சத்தம் போட்டு வாசித்தால் இன்னும் நல்லது. அடுத்தது கம்பிக்குள்ளால் ஒரு சூரியகாந்தி விதை, பிறகு கதவைத் திறந்து உள்ளங்கையில் விதை. விரட்டிப் பிடித்தால் அதுவரை சேர்த்த நம்பிக்கை எல்லாம் போய்விடும். அறைக்குள் பறக்க விடும்போது காற்றாடியை நிறுத்துங்கள், யன்னலை மூடுங்கள். வீட்டில் ஏற்கெனவே வேறு குருவியோ கோழியோ இருந்தால் புதிதை ஒரு மாதமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகு பக்கத்தில் விடுங்கள்.

முதல் வருடம் முட்டையிடுவதற்கு முட்டி, பெட்டி எதுவும் வைக்காதீர்கள். பெட்டி கண்டால் பெட்டை முட்டையிடத் தொடங்கும், நாலு முதல் ஆறு வரை இடும், மூன்று கிழமைக்குக் கொஞ்சம் கூட அடைகாக்கும். இளம் பெட்டைக்குக் கல்சியம் போதாவிட்டால் முட்டை உள்ளேயே அடைத்துச் செத்துவிடும். அடிவயிறு வீங்கி, முக்கிக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தால் அதுதான். கதகதப்பான இடத்தில் வைத்துக்கொண்டு உடனே வைத்தியரைத் தேடுங்கள், எண்ணெய் விட்டு அமுக்குகிற வேலை வேண்டாம்.

மருந்துக்கு வருகிறேன். கடையில் பொட்டலமாகத் தருகிற அன்ரிபயோட்டிக் தூளைத் தண்ணீரில் கரைத்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். வருத்தக் குருவி தண்ணீர் குடிப்பதே குறைவு, ஆகவே அளவு போய்ச் சேராது, போதாத அளவு கிருமியைப் பழக்கிவிடும். 50 கிராம் உடம்புக்கு அளவு கணக்கிடுவது எடை பார்த்து, நோயை அறிந்து செய்கிற வேலை. நீங்கள் செய்யக்கூடியது, ஒரு கிராம் வரை காட்டுகிற சின்னச் சமையல் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வைப்பது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் வருத்தம் தொடங்கிவிட்டது. பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே மாடும் ஆடும்தான் அதிகம் வரும் என்றாலும் முதலில் பார்க்கிற இடம் அதுதான். அவர்களுக்கும் பிடிபடாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா மருத்துவமனை இருக்கிறது, தூரம்தான். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் குருவி வளர்க்கிறோம் என்பதை டொக்டருக்குச் சொல்லுங்கள். எச்சத் தூசியால் மனிதருக்குத் தொற்றுகிற கிளமிடியா நோய் ஒன்று உண்டு, அரிது, சொன்னால்தான் அதை நினைப்பார்கள். எச்சத் தட்டை உலர விட்டுக் கூட்டாமல் நனைத்துத் துடைத்தால் தூசி எழும்பாது.

வற்றாப்பளைக்குப் போவதென்றால், அது நல்ல வெக்கை காலம். தீன் இரண்டு நாளைக்கு வைத்துவிட்டுப் போகலாம், தண்ணீர் அப்படி நிற்காது. கவிழ்த்துவிடும், இல்லாவிட்டால் எச்சம் போட்டு மத்தியானத்துக்குள் நாறிவிடும். கூட்டை அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டு விறாந்தையில் வைத்து, காலையும் பின்னேரமும் தண்ணீர் மாற்றி, கிண்ணத்தில் உமியை ஊதிவிடச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வீட்டில் பூனை இருந்தால் வேறு வீடு பாருங்கள்.